எழுபது என்னும் ஆகுபெயர்: பேரளவுப் படச்சுருளின் வரலாறும் திரைத் தெளிவும்

மொழியியல் பயின்ற ஒருவர் திரைப்படச் சுருளைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு சொல். அச்சொல்லின் பொருளைத் தேடிச் சென்றதால்தான் படச்சுருளின் வரலாற்றுக்குள் நுழைந்தோம். சொல்லைப் பின்தொடர்ந்தால் பொருளைக் காணலாம். பொருள் இருந்த இடத்தில் இல்லை என்பதையும் சில வேளைகளில் காணலாம்.

1. ஒரு விளம்பரப் பலகையும் ஓர் ஐயமும்

நாம் மாணவராக இருந்த காலத்தில் திரையரங்குகளின் முகப்பில் 'எழுபது எம்.எம்.' என்ற எழுத்துகள் நாயகன் பெயருக்கு இணையாகப் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அத்தகைய பலகையைக் கண்டு ஓர் அரங்கினுள் நுழைந்தோம். அகன்ற திரையில் படம் பெரிதாகத்தான் இருந்தது. ஆயினும் எழுத்துகளின் ஓரம் மெல்ல நடுங்கிற்று. தொலைவில் நின்றோர் முகங்கள் மாவு தூவியதுபோல் தெரிந்தன. இடைவேளையில் படம் ஓட்டும் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே நின்ற முதியவரிடம், "அண்ணே, இது எழுபது எம்.எம். படந்தானே?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "படம் முப்பத்தஞ்சுதான் தம்பி, திரைதான் எழுபது" என்றார்.

அன்று அவ்விடையை ஏற்றுக்கொண்டு இருக்கைக்குத் திரும்பிவிட்டோம். பின்னர் எண்ணிப் பார்த்தால், எழுபது மில்லிமீட்டர் என்பது நான்கு விரற்கிடை அளவுகூட நிரம்பாது. அவ்வளவே உள்ள திரையில் யார் படம் பார்க்க முடியும்? அவ்வளவு உரியது சுருளுக்கு. அது எப்படியோ சுருளைவிட்டுத் திரைமீது ஏறிக்கொண்டது.

ஆகுபெயரின் வகைகளைக் கூறும் நன்னூலார் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நால்வகை அளவைகளையும் அவற்றுள் சேர்த்தார். துணிக்கடையில் 'மூன்று மீட்டர் கொடுங்கள்' என்று கேட்டால் மீட்டர் என்பது துணிக்கு ஆகிறது. 'எழுபது எம்.எம். பார்த்தேன்' என்பதும் அத்தகைய நீட்டலளவை ஆகுபெயரே. துணிக்கடையில் அளந்த பொருள் நம் கண்முன் கிடக்கிறது. திரையரங்கில் அளந்த பொருள் சுவருக்கு அப்பால் ஓர் இருட்டறையில் இருக்கிறது. எனவே, எழுபது எதற்கு ஆகிவந்தது என்ற வினாவுக்கு விடை காண நாம் அவ்வறைக்குள்ளும், அதற்கு முன்னர் படம்பிடித்த களத்துக்கும் செல்ல வேண்டும்.

2. எழுபதிலிருந்து பிறந்த முப்பத்தைந்து

பொதுவாக 35 மி.மீ. முதலில் தோன்றியதென்றும், 70 அதனை இரட்டித்து வந்ததென்றும் கருதுவர். உண்மையில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன், அந்நாளில் ஈஸ்ட்மன் நிறுவனம் ஒளிப்படக் கருவிகளுக்காகச் செய்துவந்த ஏறத்தாழ 70 மி.மீ. அகலச் சுருளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பயன்படுத்தினார். இருபுறமும் துளையிட்டு, சட்டம் ஒன்றுக்கு நான்கு துளைகள் என வகுத்தார். 1890களின் தொடக்கத்தில் நிலைபெற்ற இவ்வமைப்பை 1909ஆம் ஆண்டு பாரிஸில் கூடிய படத்தயாரிப்பாளர் மாநாடு பொது அளவாக ஏற்றது.

இவ்வேற்பின் பயன் பெரிது. ஒரு நாட்டில் எடுத்த படம் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. எழுத்துமுறை பொதுவானால் நூல் எங்கும் படிக்கப்படுவதைப் போன்றது இது. அதே பொதுமை பின்னர் ஒரு தளையாகவும் ஆயிற்று. உலகெங்கும் ஆயிரக்கணக்கான அரங்குகள் 35இல் முதலீடு செய்துவிட்ட பின், அதனை மாற்ற முனைந்த ஒவ்வொருவரும் அப்பெருஞ்சுவரில் மோத நேர்ந்தது.

3. அகலம் தேடிய ஆண்டுகள்

முதலில் மோதியவற்றுள் ஒன்று 1929இல் ஃபாக்ஸ் நிறுவனம் கொணர்ந்த 'கிராண்டியர்' என்னும் 70 மி.மீ. முறை. 1930இல் ரவுல் வால்ஷ் இயக்கிய 'தி பிக் டிரெய்ல்' அம்முறையில் எடுக்கப்பட்டது. இளைஞராயிருந்த ஜான் வெய்ன் அதில் நடித்தார். ஆனால் அரங்கு உரிமையாளர்கள் அப்போதுதான் பேசும்படக் கருவிகளுக்குப் பெரும்பணம் செலவிட்டிருந்தனர். பொருளாதாரப் பெருமந்தமும் தொடங்கியிருந்தது. மீண்டும் புதுக்கருவி வாங்க எவரும் முன்வரவில்லை. நுட்பத்தில் குறையில்லாத ஒன்று காலம் வாய்க்காமையால் மறைந்தது.

இருபதாண்டுகள் கழித்துத் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபோது நிலைமை மாறிற்று. வீட்டில் கிடைக்காத ஒன்றை அரங்கு தந்தாக வேண்டும் என்ற நெருக்கடி பிறந்தது. 1952 செப்டம்பர் 30ஆம் நாள் நியூயார்க்கில் 'சினராமா' அறிமுகமாயிற்று. மூன்று 35 மி.மீ. சுருள்களை மூன்று புரொஜெக்டர்களில் ஒருங்கே ஓட்டி, வளைந்த பெருந்திரையில் ஒரே காட்சியாக இணைக்கும் முறை அது. காட்சியின் பெருமை வியப்பளித்தது. மூன்று படங்கள் சேரும் இரு தையல்கோடுகளோ கண்ணை உறுத்தின.

1953இல் 'தி ரோப்' படத்தோடு 'சினிமாஸ்கோப்' வந்தது. பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்ரி கிரெத்தியேன் உருவாக்கிய வில்லை அகலக் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பழைய 35 மி.மீ. சுருளிலேயே பதிக்கும். திரையிடும்போது மற்றொரு வில்லை அதனை விரிக்கும். அரங்குகள் புதுச்சுருளுக்கு மாற வேண்டியதில்லை என்பதால் இம்முறை உலகெங்கும் பரவிற்று. தமிழில் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' முதல் சினிமாஸ்கோப் படமாகும். ஆயின் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சினிமாஸ்கோப் திரையை அகலமாக்கியதேயன்றிச் சுருளை அகலமாக்கவில்லை.

சுருளையே அகலமாக்கிய முறை 1955இல் 'ஓக்லஹோமா' படத்தோடு வந்த 'டாட்-ஏஓ'. சினராமாவில் பங்குகொண்டிருந்த மைக் டாட், மூன்று கருவிகள் தந்த பெருங்காட்சியை ஒரே கருவியின் வழியாகப் பெற விரும்பினார். அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனம் அதற்குரிய வில்லைகளை ஆக்கித் தந்தது. படம்பிடிக்கும் சுருள் 65 மி.மீ. திரையிடும் பிரதி 70 மி.மீ. இடையிலுள்ள 5 மி.மீ. ஏன் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பிரதியின் துளைகளுக்கு வெளியே இருபுறமும் இரண்டரை மி.மீ. கூட்டிக் காந்த ஒலித்தடங்களுக்கு இடமளித்தனர். மொத்தம் ஆறு தடங்கள். ஆக, 'எழுபது' என்ற எண்ணில் ஒரு பகுதி காட்சிக்குரியதன்று, ஒலிக்குரியது.

'ஓக்லஹோமா' இருமுறை படம்பிடிக்கப்பட்டது. ஒருமுறை 65 மி.மீ. சுருளில் நொடிக்கு 30 சட்டங்கள் என்ற வேகத்திலும், மற்றொருமுறை பொது அரங்குகளுக்காக 35 மி.மீ. சினிமாஸ்கோப்பிலும் எடுத்தனர். பழைய அளவின் பிடி அவ்வளவு வலிதாக இருந்தது.

4. அளவு எவ்வாறு தெளிவாகிறது

இனி, அகன்ற சுருள் ஏன் தெளிவு தருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இதற்கு வகுத்தலும் பெருக்கலும் போதும்.

இன்று இயல்பாகக் கருதப்படும் 1.85 விகித 35 மி.மீ. பிரதியில் திரைக்குச் செல்லும் படம் ஏறத்தாழ 21 மி.மீ. அகலமும் 11.3 மி.மீ. உயரமும் உடையது. 70 மி.மீ. பிரதியில் அது 48.5க்கு 22 மி.மீ. பரப்பால் முன்னதைப் போல் நான்கரை மடங்கு. இரண்டையும் 20 மீட்டர் அகலத் திரையில் வீழ்த்துவதாகக் கொள்வோம். முன்னது ஏறத்தாழ 950 மடங்கு பெருக வேண்டும். பின்னது 410 மடங்கு பெருகினால் போதும். சினிமாஸ்கோப் பிரதியோ உயரத்தில் 480 மடங்கு மட்டுமே பெருகினும் அகலத்தில் 940 மடங்கு பெருகியாக வேண்டும்.

பெருக்கத்தோடு படம் மட்டும் பெருகுவதில்லை. சுருளிலுள்ள துகளும் தூசியும் கீறலும் உடன் பெருகுகின்றன. அசைவும் பெருகுகிறது. ஒவ்வொரு சட்டமும் நொடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு நேரத்தில் வந்து நின்று செல்ல வேண்டும். அது நிற்குமிடம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகுவதாகக் கொள்வோம். 35இல் அப்பிசகு திரைமீது 9.5 மி.மீ. ஆகும். 70இல் அதே பிசகு 4.1 மி.மீ. ஆகும். இயல்பான கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். திரையிலிருந்து 20 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு அது ஏறத்தாழ 5.8 மி.மீ. ஆகிறது. ஆகவே அவ்விருக்கையில் 35இன் நடுக்கம் தெரியும், 70இன் நடுக்கம் தெரியாது. நாம் அன்று கண்ட எழுத்துகளின் நடுக்கத்திற்கு இதுவே காரணமாகலாம்.

இக்கணக்கில் மற்றோர் உண்மையும் உண்டு. பத்து மீட்டரில் அமர்ந்தவருக்குக் கண்ணின் எல்லை 2.9 மி.மீ. ஆகச் சுருங்கும். அவருக்கு இரண்டின் நடுக்கமும் தெரியும். நாற்பது மீட்டரில் அமர்ந்தவருக்கு இரண்டும் தெரியா. எனவே 'எது தெளிவு மிக்கது' என்ற வினாவுக்குச் சுருளின் அகலம் மட்டும் விடையாகாது. திரையின் அகலமும் இருக்கையின் தொலைவும் சேர்ந்தே விடையாகும். சிறிய திரையின் பின்வரிசையில் அமர்ந்து 70க்கும் 35க்கும் வேறுபாடில்லை என்பவர் பொய் சொல்லவில்லை. பெரிய திரையின் நடுவரிசையில் அமர்ந்து வேறுபாடு மலைபோன்றது என்பவரும் பொய் சொல்லவில்லை.

பெரிய சட்டம் ஒளியையும் மிகுதியாகச் செலுத்தவல்லது. விளக்கின் வெப்பத்தைச் சிறிய சாளரம் ஓர் எல்லைவரையே தாங்கும். சாளரம் அகன்றால் அவ்வெப்பம் பரந்து விழும், திரைக்குச் செல்லும் ஒளி கூடும். இதற்குரிய விலையும் உண்டு. அதே காட்சிப்பரப்பைப் பெறப் பெரிய சட்டத்துக்கு நீண்ட குவியத் தொலைவுள்ள வில்லை வேண்டும். அதனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். நடிகர் ஓரடி முன்னே வந்தால் முகம் மங்கும். கருவியும் கனமானது. 1962இல் டேவிட் லீன் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வைப் பாலைவனத்தில் 65 மி.மீ. சுருளில் எடுத்தார். கானல்நீரினின்று ஒரு கரும்புள்ளி தோன்றி மெல்ல மெல்ல ஒட்டகமும் மனிதனுமாக வளரும் காட்சி அதில் உண்டு. அப்புள்ளி சுருளின் துகளோடு கலந்துவிடாமல் தனித்து நின்றால்தான் அக்காட்சி பொருள்படும். அங்கே அளவு காட்சியின் பொருளையே தாங்கி நிற்கிறது.

5. பெயர் நகர்ந்த கதை

65 மி.மீ. சுருளில் எடுப்பது பெருஞ்செலவு. 70 மி.மீ. பிரதியோ அரங்கில் ஈர்ப்புமிக்கது. இவ்விரண்டுக்கும் இடையே தயாரிப்பாளர் ஒரு வழி கண்டனர். 35இல் படம்பிடித்து, ஆய்வகத்தில் அதனைப் பெருக்கி 70இல் பிரதி எடுத்தனர். 1963இல் 'தி கார்டினல்' இவ்வாறு வந்தது. 1965இல் 'டாக்டர் ஷிவாகோ'வும் அவ்வாறே. 'லாரன்ஸ்' எடுத்த அதே இயக்குநர் இதனை 35இல் எடுத்தார். இந்தியாவில் 1975இல் பெரும்புகழ் பெற்ற 'ஷோலே'யும் 35இல் எடுக்கப்பட்டு 70 ஆகப் பெருக்கப்பட்டதே. தமிழில் முதல் 70 மி.மீ. படம் என அறியப்படுவது 1986இல் வந்த 'மாவீரன்'.

பெருக்கிய பிரதிகளைப் போலி என்று நாம் தள்ளிவிடக் கூடாது. அவை சாதாரண 35 மி.மீ. பிரதியைவிடத் திரையில் நன்றாகவே விளங்கின. ஒளி கூடிற்று. புரொஜெக்டரின் நடுக்கமும் பிரதியில் ஒட்டிய தூசியும் குறைவாகப் பெருகின. ஆறு தட ஒலியும் கிடைத்தது. ஆயினும் மூலச்சுருளில் பதியாத நுணுக்கத்தை எந்தப் பெருக்கமும் தாராது. சிறிய எழுத்தில் அச்சிட்ட நூலைப் பெரிதாக நகலெடுத்தால் படிப்பது எளிதாகும், நூலில் இல்லாத வரி தோன்றாது.

பெருக்கம் படத்தைக் குறைத்த நிகழ்வும் உண்டு. 1939இல் வெளிவந்த 'கான் வித் தி விண்ட்' ஏறத்தாழச் சதுரத்தை ஒத்த 1.37 விகிதத்தில் அமைந்தது. 1967இல் அதனை 70 மி.மீ. ஆக்கி மறுவெளியீடு செய்தனர். 2.2 விகிதத்தில் பொருந்துவதற்காக மேலும் கீழும் வெட்டினர். முழு அகலத்தையும் வைத்துக்கொண்டு இம்மாற்றம் செய்தால் உயரத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு போய்விடும் என்று கணக்குச் சொல்கிறது. பெரிய சுருள், பெரிய திரை, குறைந்த படம்! 'எழுபது' என்ற சொல் எப்போதும் கூடுதலைக் குறிக்கும் என்று நம்பிய பார்வையாளர் தாம் இழந்ததை அறிந்திரார்.

இவ்வாறு ஒரே சொல் முதலில் படம்பிடித்த சுருளுக்கும், பின்னர்ப் பிரதிக்கும், அதன்பின் திரைக்கும், இறுதியில் வெறும் பெருமைக்கும் ஆகிவந்தது. காரணப்பெயர் காரணம் தேய்ந்து இடுகுறிபோல் நின்றுவிட்டது.

6. ஐமேக்ஸ்

1970இல் ஜப்பானின் ஒசாக்கா உலகக் கண்காட்சியில் கனடா நாட்டினர் 'ஐமேக்ஸ்' முறையை அறிமுகம் செய்தனர். அவர்கள் 70 மி.மீ. சுருளை மேலிருந்து கீழாக ஓட்டாமல் கிடைவாக்கில் ஓட்டினர். சட்டம் ஒன்றுக்கு ஐந்து துளைகளுக்கு மாறாகப் பதினைந்து துளைகள். இதனால் சட்டத்தின் பரப்பு வழக்கமான 70 மி.மீ. சட்டத்தைப் போல் மும்மடங்கும், பேசும்படக் காலத்துப் பழைய 35 மி.மீ. சட்டத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கும் ஆயிற்று. சுருள் நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பழைய பொறியமைப்பில் அவ்வேகத்தில் சுருள் கிழிந்துவிடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரான் ஜோன்ஸ் கண்டறிந்த முறையில் சுருள் அலையலையாக உருண்டு நகரும். இவ்வமைப்பே ஐமேக்ஸை இயலச் செய்தது. 1971இல் டொராண்டோவில் முதல் நிலையான ஐமேக்ஸ் அரங்கு எழுந்தது.

சிங்கப்பூர் அறிவியல் மையத்தில் 1987இல் திறக்கப்பட்ட ஆம்னி அரங்கு இக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கவிகை வடிவத் திரையின்கீழ்ச் சாய்ந்தமர்ந்து கடலடியையும் விண்வெளியையும் கண்ட மாணவர் பலர் இன்று ஆசிரியர்களாக இவ்வவையில் இருக்கலாம். பின்னர் அங்கும் சுருள் போய் டிஜிட்டல் முறை வந்தது.

2008 முதல் டிஜிட்டல் ஐமேக்ஸ் அரங்குகள் பெருகின. தொடக்கத்தில் அவை 2கே எனப்படும் புரொஜெக்டர்கள் இரண்டைக் கொண்டு, பழைய பேரரங்குகளினும் சிறிய திரைகளில் காட்டின. 2கே என்பது கிடைவாக்கில் 2,048 புள்ளிகள். பதினைந்து துளைச் சுருளின் நுணுக்கம் அதனினும் மிகப் பலவாகும். பெயர் மாறவில்லை, பெயர் குறித்த பொருள் மாறிவிட்டது. எழுபதுக்கு நேர்ந்ததே ஐமேக்ஸுக்கும் நேர்ந்தது. 2014 முதல் வந்த 4கே லேசர் புரொஜெக்டர்கள் அவ்விடைவெளியை ஓரளவு குறைத்தன. டிஜிட்டலுக்கென்றே உரிய நன்மைகளையும் மறுத்தற்கில்லை. அதில் நடுக்கமில்லை, கீறலில்லை, நூறாவது காட்சியும் முதற்காட்சி போலவே இருக்கும்.

2023இல் வெளிவந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தின் ஐமேக்ஸ் பிரதி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமும் 270 கிலோ எடையும் கொண்டது. அதனை ஓட்டவல்ல அரங்குகளாக உலகெங்கும் முப்பது மட்டுமே அப்போது அதனைத் திரையிட்டன. அப்படத்தை 'ஐமேக்ஸில் பார்த்தோம்' என்று கூறியவர்களுள் மிகப் பெரும்பாலோர் சுருளைக் காணவில்லை.

7. சொல்லால் விளையும் இழப்பு

பெயரில் என்ன இருக்கிறது, படம் நன்றாயிருந்தால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். காப்பகத்தின் வாயிலில் நின்றால் அவ்வினாவின் எடை புரியும். ஒரு படத்தை வருங்காலத்துக்காகக் காக்க விரும்புவோர் முன் பல சுருள்கள் கிடக்கின்றன. பெட்டி ஒன்றில் '70' என்றும் மற்றொன்றில் '35' என்றும் எழுதியிருக்கிறது. எண்ணை மட்டும் நம்பினால் 70ஐ எடுப்போம். படம் 65இல் பிடிக்கப்பட்டிருந்தால் அக்குடும்பத்தின் மூலச்சுருளே தேடத்தக்கது. 35இல் பிடித்துப் பெருக்கியதாயின் சிறிய பெட்டியிலுள்ள மூலச்சுருளில்தான் நுணுக்கம் மிகுதி. பெரிய பெட்டியிலிருப்பது நகல். அதேவேளை, படம் எந்த வடிவில் மக்கள் முன் வைக்கப்பட்டது, ஒலி எவ்வாறு அமைந்தது என்பதற்குப் பெரிய பெட்டியே சான்று. இரண்டையும் காக்க வேண்டும், ஆனால் வெவ்வேறு காரணங்களுக்காக.

இது கற்பனை அச்சமன்று. பழைய வண்ணச்சுருள்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறிச் சிவப்பேறுகின்றன. காந்தப் பூச்சுள்ள சுருள்கள் புளிப்பு நாற்றம் வீசிச் சுருங்குகின்றன. 'ஷோலே'யின் 70 மி.மீ. பிரதி ஒன்றுகூட எஞ்சவில்லை. மூலச்சுருளும் பெரிதும் சிதைந்திருந்தது. இடைநிலைச் சுருள்களைத் தேடியெடுத்தே அதனை மீட்டமைத்து, 2025இல் மீண்டும் 2.2 விகிதத்தில் திரையிட்டனர். கோடிக்கணக்கானோர் பார்த்த படத்தின் நிலை இது. எந்தச் சுருள் எதன் நகல் என்பதை அறிந்தோர் இருந்தமையால்தான் அம்மீட்பு கைகூடிற்று.

ஏட்டுச்சுவடி ஆய்வில் நாம் மாணவர்க்கு முதலில் கற்பிப்பது என்ன? சுவடி பெரிதா சிறிதா என்று பார்க்காதே, எது எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்று பார் என்பதே. படச்சுருளுக்கும் அதுவே விதி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு நிறைவு செய்கிறோம். ஆகுபெயரை வகுப்பில் நடத்தும்போது நீட்டலளவைக்கு இந்த எழுபதையும் ஓர் எடுத்துக்காட்டாக வையுங்கள். அப்போது மாணவரை நான்கு வினாக்கள் கேட்கச் செய்யுங்கள். படம் எச்சுருளில் பிடிக்கப்பட்டது? எதில் பிரதி எடுக்கப்பட்டது? எவ்வளவு பெரிய திரையில் வீழ்ந்தது? நாம் எங்கே அமர்ந்திருந்தோம்? இந்நான்குக்கும் விடை தெரிந்தவர் விளம்பரப் பலகையைக் கண்டு மயங்கார், பலகையை வெறுக்கவும் மாட்டார்.

அன்று கதவருகே நின்ற அந்த முதியவர் மறைக்காமல் உண்மையைச் சொன்னார். அடுத்த வினாவைக் கேட்கத்தான் நமக்கு அன்று தெரியவில்லை. நம் மாணவர்க்குத் தெரியட்டும்.